பள்ளிக்குள் வரட்டும் ஊரறிவு

ஓசூர் என்றவுடன் ஆலைகளும் நெடுஞ்சாலை நெரிசலுமே நினைவுக்கு வருகின்றன. 1970களில் தொழிற்பேட்டை அமைந்த பின்னரே அவ்வூர் பிறந்தது போலும் என்று அங்குப் பயிலும் மாணாக்கர் எண்ணி வளர்வாராயின், பிழை அவர்களுடையதன்று. செவிடபாடி என்னும் பழம்பெயரை அவ்வூர்க் கல்வெட்டுகள் தாங்கி நிற்பதை அவர்கட்குச் சொல்வார் யார்? நாடு முழுமைக்கும் எழுதப்பெறும் பாடநூலில் ஓரூரின் கதைக்கு இடமேது?

சொல்லவல்லார் உளர். கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஓய்வுநாள்களில் ஏரிக்கரைகளிலும் புதர்க்காடுகளிலும் நடுகல் தேடித் திரியும் ஆர்வலர்கள் கூலி கருதியோ பட்டம் கருதியோ அலைகின்றாரல்லர். ஆநிரை மீட்கப் பொருது மடிந்த மறவனின் கல், துணி துவைக்கும் கல்லாய்க் கிடப்பதைக் கண்டு நெஞ்சு பொறாதவர்கள். இன்னோருள் ஒருவர் பள்ளிக்கு வந்து, மாணாக்கர் பதின்மரை ஊர்ப்புறத்து வேடியப்பன் கோயிலுக்கு அழைத்துச் செல்லட்டும். தாம் கும்பிட்டுவந்த வேடியப்பனே ஒரு நடுகல் என்று அவர்கள் அறிய ஒரு நாழிகை போதும். பூசகர் இசைவோடு கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மையொற்றினால், கருமைக்கிடையே வட்டெழுத்துகள் வெண்மையாய் ஒவ்வொன்றாக மேலெழும். அதனைக் கண்ட சிறுவனுக்குத் தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்னும் துறைகளை உருப்போடுவிக்க வேண்டியதில்லை.

வரலாறு மட்டுந்தானா? பருகூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பெற்றது. அதே மாவட்டத்து ஓசூரில், முப்பதாண்டு இரும்பைக் கடைந்து ஓய்வுபெற்ற தொழிலாளர் எத்தனையோ பேர்! மயிரிழைப் பிழையையும் விரல்நுனியால் உணரும் அவர்தம் கையறிவு எந்நூலில் உள்ளது? பள்ளி விழாவுக்கோ கழுத்துப்பட்டை அணிந்த அதிகாரியே அழைக்கப்பெறுகிறார். பாதி ஆங்கிலத்திற் பேசி, பைகளை வழங்கி, படமெடுத்துக்கொண்டு போகிறார். கடைசல், வார்ப்பு, பற்றவைப்பு, அரம் என்று தொழிலாளி நாவிலோ தமிழ் உண்டு. மறந்த சொல்லையும் மாணாக்கரோடு சேர்ந்து தேடிக்கொள்வார்.

அரசுப் பள்ளிகட்கு ஊரார் உதவுதற்கென 2022 திசம்பரில் அரசு ஒரு திட்டம் தொடங்கிற்று. 'நம்ம ஊருப் பள்ளி' என்னும் நல்ல பெயர் இருக்க, அதன் முன்னே 'நம்ம ஸ்கூல்' என ஒட்டவைத்தது ஏனோ! அது நிற்க. கட்டடமும் கணினியும் வேண்டுவனவே. ஆனால் தான் பற்றுவைத்த ஒன்றைப் பிள்ளைகள்முன் விரித்துக் காட்டும் ஒருவருடைய இரண்டு மணிநேரத்தை எந்த நன்கொடைக் கணக்கில் எழுதுவது? 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர் மாலைப்பொழுதில் பாடத்தையே கற்பித்தனர். ஈண்டுக் கேட்கப்படுவது வேறு. இவர்கள் ஆசிரியர்க்கு ஈடாகார். வெற்றாய்க் கிடக்கும் ஆசிரியப் பணியிடத்தை இவர்களைக் கொண்டு நிரப்ப நினைப்பது ஏமாற்று.

தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இதனால் ஒதுக்கப்படுவர் என்று சிலர் அஞ்சலாம். எல்லைப்புறக் கற்களில் அம்மொழிக் கல்வெட்டுகளும் உள. அவற்றை அப்பிள்ளைகளே படியெடுத்துப் படித்துக் காட்டட்டும். தமிழுக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை.

திங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலைத் தலைமையாசிரியர்கள் ஒதுக்கினால் போதும். மழைக்கு முன்பே தொடங்குதல் நன்று. ஏரி நிறைந்துவிட்டால் உட்கரையிலுள்ள கற்கள் மூழ்கிவிடும்.