பீரியட்ஸ் தள்ளிப்போனா ‘ரெஸ்ட் எடுங்க’: சிவகாசியில் இந்த அட்வைஸ் செல்லுமா?

பீரியட்ஸ் தள்ளிப்போகிறதா? மொபைலில் தேடினால் உடனே பதில் வரும்: நல்லா தூங்குங்க, டென்ஷனைக் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க. தப்பான அட்வைஸ் இல்லை. ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ‘பயர் ஆபீஸ்’ வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, இதில் எது அவர் கையில் இருக்கிறது?

உடலில் என்ன நடக்கிறது?

மாதவிடாய்க்கான சிக்னல் மூளையின் ஹைபோதலாமஸில் தொடங்குகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டும். தொடர்ந்து மன அழுத்தம் இருந்தாலோ, உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டாலோ மூளை அந்த சிக்னலைக் குறைத்துவிடும். கருமுட்டை வெளியாவது தாமதமாகும். சில மாதம் நடக்காமலும் போகும். ‘நாள் தள்ளிப்போச்சு’ என்பது இதைத்தான்.

இது லைஃப்ஸ்டைலா?

பட்டாசுத் தொழிலில் பெண்கள் ஏராளம். பலருக்கும் பீஸ் ரேட் கூலி. எத்தனை செய்தார்களோ அதற்குத்தான் காசு. ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. தீபாவளி நெருங்கினால் வேலை நெருக்கும். ஆலையை மூடினால் வருமானம் நிற்கும். இதற்கு மேல் வெடிவிபத்து பயம். 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த முதலிப்பட்டி விபத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. லைஃப்ஸ்டைல் என்றால் சாய்ஸ் இருக்க வேண்டும். இங்கே அது எங்கே இருக்கிறது?

ஓய்வு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை வேறொரு தொழில் காட்டியது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்த்த சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் பேசி, 2019-ல் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரை கொடுத்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வதுதான் வழியாக இருந்தது.

என்ன செய்யலாம்?

கர்நாடக அமைச்சரவை 2025-ல் மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடும் யோசிக்கலாம். ஆனால் பீஸ் ரேட் தொழிலாளிக்கு லீவு மட்டும் போதாது. அன்றைக்கான சராசரிக் கூலியும் வர வேண்டும். சுத்தமான கழிப்பறை, தண்ணீர், கொஞ்ச நேரம் படுக்க ஓர் அறை ஆகியவை சலுகை இல்லை, அடிப்படை.

எல்லாத் தாமதமும் டென்ஷனால் வருவதில்லை. கர்ப்பம், தைராய்டு, பிசிஓஎஸ் எதுவாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் சுழற்சி இயல்பு. மூன்று மாதம் வராவிட்டாலோ, அதிக ரத்தப்போக்கு இருந்தாலோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கே போய்வர ஆகும் அரை நாளுக்கும் கூலி பிடிக்கக் கூடாது. ‘ரெஸ்ட் எடுங்க’ என்ற அட்வைஸுக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.