மறிப்பாரில்லாத உதைக்கு மூன்று புள்ளியா?

நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் ஏஎஃப்எல் ஃபேன்டஸி போட்டியில், ஆட்டக்காரரின் உதைக்கு 3 புள்ளி, டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6. 2019இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஆட்ட விதி ஒன்று மாறியது. எதிரணி கோலைத் தவறவிட்டு பிஹைண்ட் மட்டும் அடித்தபின் பந்தை எடுக்கும் தடுப்பாட்டக்காரர், முன்புபோல் தனக்கே உதைத்துக்கொள்ளாமல் கோல் சதுரத்தைவிட்டு ஓடிவரலாம். அப்படி மறிப்பாரின்றி ஓடிவந்து உதைத்தால் 3 புள்ளி. உள்ளே நின்றே உதைத்தால் ஒன்றுமில்லை. இரண்டே எட்டு வித்தியாசம்!

ஆட்டக்காரரின் சராசரிப் புள்ளி ஏறினால் ஃபேன்டஸியில் அவர் விலையும் ஏறும். அதனால் பின்களத்தில் ஆள் எடுக்கும்போது, பிஹைண்டுக்குப் பின் பந்து யார் கைக்குப் போகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. நெரிசலில் விழுந்து பந்தைப் பறிப்பவருக்கு, அந்தப் பறிப்புக்கென்று தனிப் புள்ளியே கிடையாது. சூப்பர்கோச் என்னும் இன்னொரு ஃபேன்டஸி போட்டி அதை மதிக்கிறது. ஏஎஃப்எல் ஃபேன்டஸியும் மதிக்கட்டும்; மறிப்பாரில்லாத உதைக்கு ஒரு புள்ளி போதும்.