ஒத்தை ஆளு, சொந்த விமானம், சுத்தி மேகம்

முதல்லயே ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். வீட்டு கராஜில் சொந்தமா விமானம் கட்டிப் பறக்கறவங்களை நான் கிண்டல் பண்ணப் போறதில்லை. கட்டட்டும், பறக்கட்டும், நல்லா இருக்கட்டும். அதே விமானத்தை ஒத்தை ஆளா, வெளியே ஒண்ணுமே தெரியாத மேகத்துக்குள்ள, கருவிகளை மட்டும் நம்பி ஓட்டறதுதான் எனக்கு உறுத்துது. அதுக்கும் நான் முழு எதிரி இல்லை. ஆனா நிறைய "ஆனா" இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல்னு ஒரு விமான வகை உண்டு. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல அமெச்சூர்கள், கத்துக்கறதுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, தங்கள் கையால செஞ்சிருக்கணும். 51 சதவீத விதின்னு செல்லமாச் சொல்லுவாங்க. இந்த ஏரியாவில் சூப்பர் ஸ்டார் ஆரிகன் மாநிலத்து அரோராவில் இருக்கிற வேன்ஸ் கம்பெனியோட ஆர்வி வரிசை விமானங்கள். உதிரியா பெட்டி பெட்டியா வரும், நாமதான் ரிவெட் அடிச்சுச் சேர்க்கணும். இதுவரை 11,000-க்கு மேல பறந்திருக்கு. நம்ம ஊரில் இது எவ்வளவு கஷ்டம்னு பார்க்கணும்னா மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் கதையைத் தேடிப் படிங்க. வருஷக்கணக்கா அலைஞ்சு 2017-இல்தான் பதிவெண் கிடைச்சது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

என் ஆபீசில் ஒரு பெரியவர் இருக்கார். ரிடையர்மென்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அவர் ஆறு வருஷமா ஒரு ஆர்வி-7 கட்டினார். ரெண்டு சீட்டு. ரிவெட் அடிக்கும்போது தகட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆள் வேணும். கடைசி மூணு வருஷமா அந்த ஆள் நான்தான். "வாரம் முழுக்க ஆபீசில் ஆணி பிடுங்கறது பத்தாதுன்னு சனிக்கிழமை அங்க போய் ஆணி அடிக்கணுமா"ன்னு தங்கமணி கேட்காத வாரமே இல்லை. இப்ப விமானம் ரெடி. ஆரம்ப சோதனை 40 மணி நேரமும் பறந்து முடிச்சாச்சு. பெரியவர்கிட்ட இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இருக்கு. "ஒரு சனிக்கிழமை காலையில் கடலோர மேகத்தைத் துளைச்சு இறங்கி மாண்டெரேயில் மதியச் சாப்பாடு, வலது சீட்டு உனக்கு"ன்னு கூப்பிடறார். நான் பைலட் இல்லை. ஆனா என் உயிரும் அந்த வலது சீட்டில் உட்காரப் போறதால கருத்து சொல்ற உரிமை எனக்கும் உண்டுன்னு நினைக்கறேன்.

மேகத்துக்குள்ள அப்படி என்ன பிரச்சினை? பிரச்சினை மேகத்தில் இல்லை, நம்ம காதில் இருக்கு. உள்காதில் இருக்கிற மூணு அரைவட்டக் குழாய்கள், அதுக்குள்ள இருக்கிற திரவம், இதுதான் உடம்பு திரும்புதா சாயுதான்னு மூளைக்குச் சொல்லும். ரொம்ப மெதுவாச் சாய்ஞ்சா அந்தத் திரவத்துக்கு உறைக்கவே உறைக்காது. ஒரே சீராத் திரும்பிக்கிட்டே இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் திரவமும் கூடவே சுத்த ஆரம்பிச்சுடும், நேராப் போறோம்னு மூளை முடிவு பண்ணிடும். அப்புறம் யாராவது விமானத்தை நேராக்கினா, எதிர்ப்பக்கம் சாயற மாதிரி இருக்கும். கண்ணு வெளியே தொடுவானத்தைப் பார்த்தா இந்தப் பொய்யெல்லாம் அடங்கிடும். தொடுவானம் இல்லைன்னா காது சொல்றதுதான் சட்டம்.

இதை ஒரு நாள் நல்ல வெயிலில் பெரியவர் எனக்குச் செஞ்சு காட்டினார். கண்ணை மூடிக்கோ, எப்படிப் போறோம்னு சொல்லுன்னார். "நேரா, லெவலா" அப்படின்னு அடிச்சுச் சொன்னேன். கண்ணைத் திறந்தா என் பக்கத்து இறக்கை பூமியைக் காட்டிக்கிட்டு நிக்குது. அதைவிடப் பயங்கரம், கண்ணைத் திறந்த பிறகும் ஒரு ரெண்டு செகண்டுக்கு பூமிதான் சாய்ஞ்சிருக்குன்னு தோணுச்சு பாருங்க, அதுதான்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை பொனான்ஸா விமானத்தில் ஏத்தி, வெளியே தெரியாத மாதிரி மறைச்சு ஓட்டச் சொன்னாங்க. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க. ஒருத்தர் 20 செகண்டில், அதிகபட்சமா ஒருத்தர் 480 செகண்டில். சராசரி 178 செகண்ட். இந்த 178-ஐ விமானப் பாதுகாப்புக் கட்டுரை எழுதறவங்க எல்லாரும் பேய்க்கதை மாதிரி சொல்லுவாங்க. மீதிக் கதையைச் சொல்ல மறந்துடுவாங்க. அந்த ஆராய்ச்சியே, மேகத்தில் மாட்டிக்கிட்டா அலட்டிக்காம திரும்பி வெளியே வர ஒரு எளிய முறையைச் சொல்லிக் கொடுக்க முடியுமான்னு பார்க்கத்தான். பயிற்சிக்கு அப்புறம் கிட்டத்தட்ட எல்லா முயற்சியிலும் பிழைச்சு வந்தாங்க. அதாவது இது தலைவிதி இல்லை, பழக்கிக்க முடியற விஷயம். அதனாலதான் நான் முழு எதிரி இல்லைன்னு மேலே சொன்னேன்.

ஆனா பழக்கம் ஒரு பக்கம், ஒத்தை ஆள் இன்னொரு பக்கம். 1929 செப்டம்பர் 24-ஆம் தேதி ஜிம்மி டூலிட்டில் நியூயார்க் பக்கத்து மிட்செல் ஃபீல்டில், காக்பிட்டை மூடிக்கிட்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, சுத்தி, இறங்கினார். உலகத்திலேயே முதல் தடவை. அவ்வளவு பெரிய ஆளு, அன்னிக்கு முன் சீட்டில் பென் கெல்சின்னு இன்னொரு பைலட்டை உட்கார வெச்சுக்கிட்டுத்தான் போனார். கெல்சி கன்ட்ரோலைத் தொடலைன்னு கீழே இருக்கறவங்களுக்குத் தெரியணும்னு கையை வெளியே தெரியற மாதிரி வெச்சிருந்தாராம். தொடலைதான். ஆனா இருந்தார் இல்லையா?

ஒத்தை ஆளா மேகத்தில் போறவர் விமானத்தை நேரா வெச்சுக்கணும், ரேடியோவில் கன்ட்ரோலர் கடகடன்னு ஒப்பிக்கிற புது ரூட்டை எழுதிக்கணும், அதை ஜிபிஎஸ்ஸில் தட்டணும், இறங்கப் போற ஓடுதளத்தோட சார்ட்டைப் படிக்கணும், பெட்ரோலைப் பார்க்கணும். ஆர்வி மாதிரி விமானம் விரலால் தொட்டா உருளற ஜாதி. வெயில் நாளில் அதுதான் அதோட அழகு. மேகத்தில் கீழே விழுந்த பென்சிலைக் குனிஞ்சு எடுக்கற நேரத்தில் அது பாட்டுக்கு முப்பது டிகிரி சாய்ஞ்சு நிக்கும்.

இங்கே எனக்குப் புரியாத ஒரு விதி வினோதம் உண்டு. காசு வாங்கிக்கிட்டு ஆளேத்திப் போற குட்டி விமானங்கள் மேகத்தில் போகணும்னா இரண்டாவது பைலட் வேணும், இல்லைன்னா ஒழுங்கா வேலை செய்யற ஆட்டோபைலட்டாவது வேணும். அமெரிக்க விமானத் துறையே போட்ட விதி. அதே துறை, சொந்த விமானத்தில் சொந்தக் குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போறவர்கிட்ட ஆட்டோபைலட்டைக் கேட்கறதில்லை. தேவையான கருவிகள் இருக்கணும், ஆறு மாசத்தில் ஆறு அப்ரோச் பண்ணியிருக்கணும், ஹோல்டிங் மாதிரி இன்னும் சிலதும் பழகியிருக்கணும். அவ்வளவுதான். காசு கொடுத்தவன் உயிருக்கு ஒரு விலை, பெண்டாட்டி உயிருக்கு ஒரு விலையா? சட்டமா மாத்துன்னு நான் சொல்லலை. ஆனா ஆட்டோபைலட் இல்லாத வீட்டு விமானத்தில் ஒத்தை ஆளா மேகத்தில் போறவரை "திறமைசாலி"ன்னு மெச்சிக்கற பழக்கத்தை விட்டுடலாம். ஆட்டோபைலட் வெச்சா கை பழக்கம் போயிடும்னு ஒரு வாதம் உண்டு. போகும்தான். அதுக்குத்தான் வெயில் நாள் இருக்கு, கண்ணை மறைக்கிற கண்ணாடி இருக்கு, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பழகலாம்.

இப்ப நம்ம துறைக்கு வர்றேன். பொட்டி தட்டற நமக்கு இந்த வீட்டு விமான சமாச்சாரம் நல்லாவே புரியும். டிசைனில் மாத்தம் பண்ணவர், கோடு எழுதினவர், டெஸ்ட் பண்ணவர், ரிலீஸுக்குக் கையெழுத்துப் போட்டவர், வருஷா வருஷம் ஆடிட் பண்றவர், எல்லாம் ஒரே ஆள். முதல் தடவை ஒரு அரசு இன்ஸ்பெக்டரோ அவங்க நியமிச்ச ஆளோ வந்து பார்க்கறாங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த ஆளே அந்த சர்வருக்குள்ள உட்கார்ந்து பறக்கறார். நம்ம கம்பெனியில் லாகின் பக்கத்தில் ஒரு பட்டன் மாத்த மூணு பேர் ரிவ்யூ பண்ணணும்.

இதில் நியாயமா ஒண்ணு சொல்லணும். வீட்டு விமானங்களில் இருக்கிற ஸ்க்ரீன்கள் பழைய செஸ்னாக்களில் இருக்கிற கருவிகளைவிட எவ்வளவோ மேல். பழைய விமானத்தில் காத்தை உறிஞ்சற பம்ப் ஒண்ணுதான் ஜைரோவைச் சுத்த வைக்கும். பம்ப் செத்தா ஜைரோ உடனே நிக்காது, மெதுவா சாய்ஞ்சுக்கிட்டே பொய் சொல்லும். புது ஸ்க்ரீன் செத்தா கறுப்பாயிடும், செத்துட்டேன்னு தெரியும். பெரியவர் ரெண்டு ஸ்க்ரீன் வெச்சிருக்கார்.

ஆனா ரெண்டு இருந்தா ரெண்டும் தனித்தனின்னு அர்த்தமா? ரெண்டுக்கும் ஒரே ஆல்டர்னேட்டர், ஒரே பேட்டரி, இஞ்சினுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டில் ஒரே ஒரு போல்ட்டில் போய்ச் சேர்ற எர்த் வயர்கள்னா, அது ஒரு ஸ்க்ரீன்தான், ரெண்டு தடவை காட்டுது. இன்னொரு கூத்து, சில பெட்டிகள் தொடுவானத்தைக் கணக்குப் போடவே காத்து வேகத்தை உதவிக்கு எடுத்துக்கும். வேகத்தை அளக்கிற குழாய் பனியில் அடைச்சா வேகம் மட்டும் இல்லை, தொடுவானமும் சேர்ந்து கோணலாகலாம். மாத்து வழியா ஜிபிஎஸ் வேகத்தை எடுத்துக்கற பெட்டியும் உண்டு. உன் பெட்டி எந்த ஜாதின்னு கட்டினவருக்குத் தெரிஞ்சிருக்கணும். மேனுவலில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். நாம எந்த மேனுவலைப் படிச்சோம் :-)

கட்டினவர் ஓட்டறவரைக்கும்கூட பரவாயில்லை. வித்துட்டா? மாண்டெரேன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது ஜான் டென்வர்தான். 1997 அக்டோபர் 12. அவர் வாங்கினது வேற ஒருத்தர் கட்டின லாங்-ஈஸி. பெட்ரோல் டாங்க்கை மாத்தற வால்வு வரைபடப்படி முன்னாடி இருக்கணும். கட்டினவர் பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள்ள வரவேண்டாம்னு நினைச்சு அதை பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி வெச்சார். கட்டினவருக்கு அது ஒரு காரணத்தோட எடுத்த முடிவு. எட்டறதுக்காகத் திரும்பினப்ப கால் தன்னால ரட்டரை அழுத்தியிருக்கும்னு விசாரணையில் முடிவுக்கு வந்தாங்க. விமானம் கடலில் விழுந்தது. வானம் தெளிவாத்தான் இருந்தது. தெளிவான வானத்திலேயே ஒரு ஸ்விட்ச் இடம் மாறினதுக்கு இந்த விலைன்னா, மேகத்துக்குள்ள?

அப்ப தடை பண்ணிடலாமா? கூடாது. தடை பண்ணினா ஆளுங்க பறக்கறதை நிறுத்த மாட்டாங்க, மேகத்துக்கு அடியில் பதுங்கிப் பதுங்கி மலைக்கும் மேகத்துக்கும் நடுவில் போவாங்க. அப்படிப் போய் மேகத்தில் மாட்டற விபத்துகளில் பெரும்பாலும் யாரும் பிழைக்கறதில்லை. அதுக்கு, பயிற்சி எடுத்தவர், கிளியரன்ஸ் வாங்கிக்கிட்டு, நேரா மேலே ஏறிப் போறது எவ்வளவோ தேவலை.

என் கருத்து, எந்த மேகம்னு பார்க்கணும். கலிஃபோர்னியா கடற்கரையில் கோடைக் காலையில் வர்றது மெல்லிசு மேகம். உறையற குளிர் இல்லை, மேலே ஏறிட்டா நீல வானம், திரும்பிப் போக உள்நாட்டில் வெயிலடிக்கிற ஓடுதளம் நிறைய. வீட்டு விமானத்துக்கு ஐஎஃப்ஆர் லாயக்கான இடம் இதுதான். அதே ஆளு ஜனவரியில் சியரா மலைத்தொடரைத் தாண்டி டாஹோ ஏரிக்குப் போறேன்னா வேற கதை. மலையைத் தாண்டற உயரத்தில் மேகம் முழுக்க பனி பிடிக்கும். இறக்கையில் பனியை உடைக்க ஆர்வியில் ஒண்ணும் கிடையாது. பேனலில் எவ்வளவு பெரிய ஸ்க்ரீன் இருந்தாலும் இறக்கைக்கு அது தெரியாது.

பெரியவர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கோவிச்சுக்கலை. ஆட்டோபைலட் இருக்கு, மேகத்துக்கு அடியில் ஆயிரம் அடியாவது இடைவெளி இருக்கிற நாள்தான், 200 அடி வரைக்கும் இறங்கிப் பார்க்கிற விளையாட்டெல்லாம் வேண்டாம்னு ஒத்துக்கிட்டார். எஞ்சி நின்னது கரண்ட் சமாச்சாரம். ஆல்டர்னேட்டர் போனா பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓடும்னு காகிதத்தில் கணக்குப் போட்டு வெச்சிருந்தார். எதுக்கும் டெஸ்ட் பண்ணிடலாமேன்னு போன சனிக்கிழமை ஹாங்கரில் ஆல்டர்னேட்டர் இல்லாம ரெண்டு ஸ்க்ரீன், ரேடியோ, ஜிபிஎஸ், குழாய் ஹீட்டர் எல்லாத்தையும் போட்டுட்டு, ஆளுக்கு ஒரு மடக்கு நாற்காலியில் கடிகாரத்தோட உட்கார்ந்தோம். 34-ஆவது நிமிஷம் ஒரு ஸ்க்ரீன் மங்கி அணைஞ்சது. 36-இல் இன்னொண்ணு. பெரியவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தொடுவான ஸ்க்ரீனுக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரி, தனி வயர், தனி எர்த்துன்னு ஒரு காகிதத்தில் வரைய ஆரம்பிச்சார்.

மாண்டெரே சாப்பாடு தள்ளி வெச்சாச்சு. இந்த சனிக்கிழமை வயரிங். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை.