நெட் இல்லாமல் போனில் டி.வி.: எல்லைத் தமிழருக்குப் பயன் உண்டா?

அமரவிளை: சிம் கார்டும் இணையமும் இல்லாமல் டெலிவிஷன் காட்டும் கைப்பேசி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யும் சாங்க்யா லேப்சும் உருவாக்கிய இந்த முறை 19 நகரங்களில் சோதிக்கப்படும் என மத்திய அரசு 2024-ல் அறிவித்தது. லாவா, எச்.எம்.டி. நிறுவனங்கள் 2025-ல் இதற்கான பட்டன் போன்களை அறிவித்தன.

போன் எப்படி இருக்கும்? கோபுரத்திலிருந்து வரும் அலையை அதிலுள்ள தனிச் சிப்பும் ஏரியலும் பிடிக்கும். எத்தனை பேர் பார்த்தாலும் நெரிசல் இல்லை. டேட்டா செலவும் மிச்சம். ஆனால், இப்போது கையிலுள்ள போனில் படம் வராது.

விலையைவிட மொழிதான் எல்லையில் பெரிய கேள்வி. மத்திய அலை வானொலி மாநில எல்லை தாண்டியும் கேட்கும். டெலிவிஷன் அலை அவ்வளவு தூரம் எட்டாது. திருவனந்தபுரம் பக்கத்துக் கோபுரத்தில் ஒரு தமிழ் சானலுக்காவது இடம் கிடைத்தால்தான் இங்குள்ள தொழிலாளிக்குப் பயன். சோதனைக் கட்டத்திலேயே அதைக் கேட்டு வைப்பது நல்லது.