தளை தட்டும் இடம்

சென்ற விடுமுறையில் அசோக் நகர் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், தன் மடிக்கணினியில் ஒரு விளையாட்டைத் திறந்து என் முன்னால் வைத்தான். அதன் பெயர் ஸ்பேஸ்கெம். அமெரிக்கரான சாக் பார்த்தும் அவருடைய சாக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் உருவாக்கி, 2011-ஆம் ஆண்டின் முதல் நாளில் வெளியிட்ட புதிர் விளையாட்டு. பள்ளியிறுதியோடு வேதியியலுக்கு விடைகொடுத்துவிட்ட தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று இரவுகள் கழிந்தபோது, இத்தனை ஆண்டுகளாக நான் யாப்பிலக்கணம் நடத்திவரும் முறையே பிழையோ என்ற ஐயம் பற்றிக்கொண்டது.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துக் கட்டம் அகலமும் எட்டுக் கட்டம் உயரமும் கொண்ட ஒரு களம்; அதுதான் உலை. இடப்புறம் அணுக்களோ மூலக்கூறுகளோ வந்து விழும். கேட்ட மூலக்கூற்றைச் செய்து வலப்புறம் அனுப்பவேண்டும். சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு கைகள் உண்டு. அவை போகவேண்டிய பாதையைக் கட்டங்களில் வரைந்து, பாதையின் மேல் சிறு குறிகளை வைக்கிறோம்: எடு, விடு, திருப்பு, பிணை, பிணைப்பை அறு, மற்றக் கை வரும்வரை காத்திரு. எழுத்தால் எழுதவேண்டிய நிரலைப் படமாக வரைகிறோம், அவ்வளவுதான். பிறகு ஓடவிட வேண்டும். ஓரிடத்தில் இரண்டு அணுக்கள் மோதிக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும். மோதிய இடம் கண்ணெதிரே இருக்கும்.

தொடக்கத்திலுள்ள ஓர் எளிய புதிருக்கே எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. “சரியான விடையைக் காட்டிவிடேன்” என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: “இதுதான் விடை என்று ஒன்று கிடையாது சித்தி. நீங்கள் செய்வது ஓடினால் அதுதான் விடை.” அது மெய்தான். புதிரை முடித்ததும், நம் உலை எத்தனை சுற்றுகளில் வேலையை முடித்தது, எத்தனை குறிகள் செலவாயின என்பதைப் பிறர் செய்தவற்றோடு வரைபடத்தில் வைத்துக் காட்டுகிறது. என்னுடையது மந்தமானது, சுற்றிவளைப்பது. ஆயினும் என்னுடையது.

அணுக்கள் மோதி உலை நின்றபோதெல்லாம் என் மனத்தில் ஓடிய சொல் ஒன்றுதான்: தளை தட்டுகிறது.

வெண்பாவும் இப்படியோர் உலைதானே? மாவுக்குப் பின் நிரை வரவேண்டும். விளத்துக்குப் பின்னும் காய்ச்சீருக்குப் பின்னும் நேர் வரவேண்டும். கனிச்சீருக்கு உள்ளே இடமில்லை. ஈற்றடி முச்சீரால் அமைந்து நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றால் முடியவேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் வகுப்பில் நாம் செய்வது என்ன? பிறர் கட்டி முடித்த வெண்பாவைப் பலகையில் எழுதி, அசை பிரித்து, சீருக்குப் பெயரிட்டு, தளைக்குப் பெயரிட்டு, மதிப்பெண் வழங்குகிறோம். இயந்திரத்தைக் கழற்றி உறுப்புகளுக்குச் சீட்டு ஒட்டுகிறோம். ஓட்டிப் பார்க்க எவருக்கும் வாய்ப்பளிப்பதில்லை. அலகிடுதலில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: “அம்மா, நீங்கள் வெண்பா எழுதியிருக்கிறீர்களா?” யாப்பருங்கலக்காரிகையை முதுகலையில் பாடமாகப் படித்து, அதையே பாடமாக நடத்திவரும் நான், இல்லை என்றுதான் சொல்ல நேர்ந்தது.

செய்து பார்த்து இலக்கணம் அறிவது நமக்குப் புதிதன்று. மார்கழி விடியலில் எங்கள் தெருவில் இன்றும் சில வாசல்களில் சிக்குக்கோலம் விழுகிறது. முதலில் புள்ளி, பிறகு அவற்றைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் இழை. ஒரு வளைவு தவறினால் இழை வந்து சேராது. விதிகளை எவரும் ஒப்பிக்கச் சொன்னதில்லை, கை அறிந்திருந்தது. இந்தக் கை அறிவுக்குள் முறையான இலக்கணம் இருக்கிறது என்பதைத் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து, 1974-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் கணினி அறிவியலின் மொழியில் விளக்கினார்கள். வாசலில் போட்டவர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அந்த இலக்கணத்தில் இயற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுப்புகள் எனக்குத் தெரியாமலில்லை. ஸ்பேஸ்கெம் கற்பிப்பது உண்மையான வேதியியல் அன்று. ஹைட்ரஜனுக்கு ஒரு பிணைப்பு, ஆக்சிஜனுக்கு இரண்டு, கார்பனுக்கு நான்கு என்ற வரம்பை அது மதிக்கிறது. மற்றபடி அணுவைக் கையால் எடுத்து ஒட்டுவதெல்லாம் கற்பனை. அதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு: தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதையாகிவிடுமா? ஆகாது. விளையாட்டு சுற்றுகளையும் குறிகளையும் எண்ணும். கவிதையில் எண்ணத்தக்கது எதுவுமில்லை. சித்திரகவிகளை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்கியவர்களின் கவலையும் இதுவே. அதில் நியாயம் உண்டு. ஆனால் கட்டுப்பாட்டுக்குள் நின்று ஒருமுறையேனும் திணறியவருக்குத்தான், அதற்குள் இயல்பாகப் பேசிச்செல்லும் புலவனின் அருமை தெரியும். நளவெண்பாவை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். புகழேந்தி எத்தனை கடினமான காரியத்தை எவ்வளவு எளிதாகத் தோன்றும்படி செய்திருக்கிறார் என்பது, மோதி நின்ற என் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

மாணவர்களுக்குக் கணினி விளையாட்டு வாங்கித்தரச் சொல்லவில்லை நான். அலகிடும் வினாவுக்குப் பக்கத்தில், ஈற்றடி ஒன்றைத் தந்து மேல் மூன்றடிகளை இயற்றச் சொல்லும் வினா ஒன்றும் இருக்கட்டும் என்கிறேன். இரண்டாயிரங்களில் வலைப்பதிவுகளிலும் இணையக் குழுக்களிலும் தமிழ் இலக்கியப் பட்டம் பெறாதவர்கள் பலர் ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதி விளையாடினார்கள். ஒருவர் தளையை மற்றவர் திருத்தினார். துறைக்குள் இருந்த நாம் அதை வேடிக்கை பார்த்ததோடு சரி. இன்று யாப்பைச் சோதித்துச் சொல்ல ‘அவலோகிதம்’ போன்ற மென்பொருள்கூட இருக்கிறது. பிழைத்த இடத்தை அது காட்டிவிடும். திருத்தும் பொறுப்பு நம்முடையது.

அக்கா மகன் ஊர் திரும்பிய மறுநாள் ஒரு வெண்பா எழுதினேன். இரண்டாம் அடியில் விளச்சீரை அடுத்து நிரை வந்து தளை தட்டியது. அந்த ஒரு சீரை மாற்றப்போய் மூன்று சீர்களை மாற்றவேண்டியதாயிற்று. வெண்பா சுமாரானதுதான். அந்த மாணவி மறுபடியும் கேட்டால், ஆம் என்று சொல்லலாம்.