மேடைக்குப் பிறகுதான் பயணம்

பொறியியல் புலங்களின் பட்டமளிப்பு, விருதளிப்பு விழாக்களில் நம் பிள்ளைகள் பதக்கத்தோடு நிற்கும் படம் நாளிதழில் வந்தால் சமுதாயமே பூரிக்கிறது. அது நியாயமே. ஆனால் பட்டம் வாங்கியதும் ஒருவர் சட்டப்படி பொறியியலாளர் ஆகிவிடுவதில்லை.

1967ஆம் ஆண்டு பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி, முதலில் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய வேண்டும். பிறகு குறைந்தது 3 ஆண்டு அனுபவம், அடுத்து தொழில்முறை மதிப்பீட்டுத் தேர்வு. அதன் பிறகே பெயருக்கு முன் 'ஐ.ஆர்.' போடலாம். வழிகாட்ட ஒரு 'ஐ.ஆர்.' இல்லாத சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தவர்கள் இங்கேதான் தேங்கிவிடுகிறார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டப்படிப்புக்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் மதிப்புண்டு. அங்கீகாரமில்லாத படிப்பென்றால் உள்நாட்டில் வாரியப் பதிவே சிக்கலாகும். சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

மாலையும் பொன்னாடையும் போடும் நம் இயக்கங்கள், புதிய பட்டதாரிகளை மூத்த பொறியியலாளர்களோடு இணைத்தும் வைக்கட்டும். அதுவே முழுமையான பாராட்டு.