குவளையைக் கவிழ்த்துப் பாருங்கள்

மூடி போட்ட ஜெர்மன் பீர் குவளை. வயிற்றில் வேட்டைக்காரன், கோட்டை, குதிரை என்று கண்ணைப் பறிக்கும் படங்கள். 'நூறு வருஷப் பழசு சார்' என்பார் விற்பவர். படத்தை அப்புறம் ரசிக்கலாம். முதலில் குவளையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள்.

உலகம் இதை 'ஸ்டைன்' என்கிறது. ஜெர்மானியர்கள் சொல்வதோ 'க்ரூக்'. ஸ்டைன் என்றால் அவர்கள் மொழியில் கல். வெஸ்டர்வால்ட் பகுதியில் களிமண்ணைக் கல்லாக இறுகும்வரை சுட்டு, சூளைக்குள் உப்பை வீசி மெருகேற்றுவார்கள். சாம்பல் நிற உடம்பில் நீலப் பூ வேலை. நம் ஊறுகாய் ஜாடிக்குத் தூரத்துச் சொந்தம்!

அடியில் 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால், ஏற்றுமதிக்குச் செய்தது. இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுத வேண்டும் என 1891 முதல் அமெரிக்கா கேட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் நூறு வருஷப் பேச்சே வேண்டாம். அந்த நாடு பிறந்ததே 1949-ல். அழகாக இருந்தால் அலமாரிக்கு வாங்கலாம், பழம்பொருள் விலை கொடுக்கக் கூடாது. ஒன்றுமே எழுதவில்லை என்றாலும் நம்பிவிட வேண்டாம். எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு.

சேகரிப்பவர்கள் தேடி அலைவது மெட்லாக் குவளைகளை. சார் நதிக்கரையில், பழைய மடாலயம் ஒன்றில் நடந்த தொழிற்சாலையில் செய்தவை. அடியில் கோபுர முத்திரையும் மாதிரி எண்ணும் இருக்கும். பலவற்றில் ஆண்டும் உண்டு. 02 என்றால் 1902. படத்தை விரலால் தடவிப் பாருங்கள். கோடுகள் பள்ளமாகத் தட்டுப்பட்டால் செதுக்கு வேலை, வழவழவென்றிருந்தால் அச்சுப் படம். பொதுவாகச் செதுக்கு வேலைக்கே மதிப்பு அதிகம்.

போலிகள் புகுந்து விளையாடுவது படைப்பிரிவுக் குவளைகளில். முதல் உலகப் போருக்கு முன், கட்டாய ராணுவச் சேவை முடித்து ஊர் திரும்பும் இளைஞன் தன் பெயர், படைப்பிரிவு, சேவை செய்த ஆண்டுகள் எல்லாம் எழுதிய குவளையோடு போவான். கூட இருந்த தோழர்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும். பீங்கானில் செய்ததென்றால், அடிப்பாகத்தை வெளிச்சத்தில் காட்டியதும் உள்ளே ஒரு படம் தெரியும்.

போலி செய்பவர் சறுக்கும் இடம் ஆண்டுக் கணக்கு. 1893-க்குப் பிறகு காலாட்படைக்கு 2 வருடம், குதிரைப்படைக்கு 3 வருடம் சேவை. காலாட்படைக் குவளையில் 1904–1907 என்றிருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

அசல் கையில் கிடைத்தவர்களுக்கு வேறொரு தேடல் இருக்கிறது. 1907-ல் வீடு திரும்பியவர்களை 1914-ல் போருக்கு மறுபடி அழைத்தார்கள். இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயர்களை ஜெர்மன் அரசு அப்போது பட்டியலாக வெளியிட்டது. இன்று அது இணையத்தில் இருக்கிறது. குவளையில் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும்தான். முல்லர் என்று தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். பெயர் கொஞ்சம் அபூர்வமாக இருந்து, படைப்பிரிவும் பொருந்தினால், ஆள் கிடைத்துவிடலாம்.